வயசுக்கு வருவதற்கு முன்பே தொடங்கிவிடும் வேலை

நம் வீடுகளில் பெண் வயசுக்கு வந்த நாளிலிருந்துதான் எல்லாக் கணக்கும் தொடங்குகிறது. தாய்மாமனுக்குப் போன் போகும். ஜோசியரிடம் நேரத்தைச் சொல்லிப் பலன் கேட்பார்கள். உளுந்தங்களிக்கு நல்லெண்ணெய் வாங்கி வருவார்கள். அன்றைக்குத்தான் அவள் உடம்பில் ஏதோ ஆரம்பித்திருக்கிறது என்று எல்லோருக்கும் நினைப்பு. உண்மையில் அந்த வேலை ஆரம்பித்து இரண்டு, இரண்டரை வருடம் ஆகியிருக்கும். பருவமடைதலின் பிற்பகுதியில் வருவதுதான் முதல் மாதவிடாய்.

1969-இல் இங்கிலாந்தைச் சேர்ந்த மார்ஷல், டேனர் என்ற இருவர், 192 சிறுமிகளின் வளர்ச்சியை வருடக்கணக்கில் கவனித்து எழுதினார்கள். குழந்தை மருத்துவம் படிப்பவர்களுக்கு இன்றும் அது அடிப்படைப் பாடம். மார்பக வளர்ச்சி தொடங்கியதிலிருந்து முதல் மாதவிடாய் வரை சராசரியாக இரண்டு வருடத்துக்குச் சற்று மேல் ஆகிறது என்று அவர்கள் கண்டார்கள். ஒருத்திக்கு ஒரு வருடத்துக்குள் வந்துவிடலாம். இன்னொருத்திக்கு நாலைந்து வருடம்கூட ஆகலாம்.

இந்த இடைவெளி தெரியாததால் நமக்கு இரண்டு தொல்லைகள். முதல் ரத்தத்துக்கு முன்னால் வரும் மாற்றங்களை நோய் என்று எண்ணிப் பதறுகிறோம். ரத்தம் வந்த பிறகோ, மறுமாதமே கணக்காக வரவேண்டும் என்று எதிர்பார்க்கிறோம். வராவிட்டால் ஸ்கேன் எடுக்கக் கிளம்புகிறோம். உள்ளே என்ன நடக்கிறது, எந்த வரிசையில் நடக்கிறது என்று தெரிந்தால் இரண்டு பயமும் பெருமளவு குறையும். எட்டு, ஒன்பது வயதில் மகள் இருக்கும் அம்மாக்களுக்காகவும் அப்பாக்களுக்காகவும் இதை எழுதுகிறேன். கொஞ்சம் பெரிய பெண் என்றால் அவளே படிக்கலாம்.

உள்ளே இருப்பவை

அடிவயிற்றில், சிறுநீர்ப்பைக்குப் பின்னால், மலக்குடலுக்கு முன்னால் இருப்பது கருப்பை. கர்ப்பப்பை என்றும் சொல்வோம். வளர்ந்த பெண்ணின் கருப்பை, தலைகீழாகப் பிடித்த பேரிக்காய் வடிவத்தில் ஏழெட்டு சென்டிமீட்டர் நீளம் இருக்கும். அதன் இரண்டு பக்கமும் ஒவ்வொரு சினைப்பை. கருப்பையின் மேல்மூலைகளிலிருந்து கிளம்பும் கருக்குழாய்கள் சினைப்பைகளை நோக்கிப் போகின்றன, ஆனால் அவற்றோடு ஒரேயடியாக இணைந்திருப்பதில்லை. குழாயின் முனையில் உள்ள மெல்லிய இழைகள் சினைப்பையிலிருந்து வெளிவரும் கருமுட்டையை வாரி உள்ளே எடுத்துக்கொள்கின்றன. கருப்பையின் கீழ்ப்பகுதி குறுகி, கருப்பை வாயாக யோனிக்குள் திறக்கிறது. மாதவிடாய் ரத்தம் யோனி வழியாக வெளியே வருகிறது.

வெளியே மூன்று வாசல்கள் உண்டு. முன்னால் சிறுநீர்த் துவாரம், நடுவில் யோனி, பின்னால் மலவாய். சிறுநீர் வரும் வழியாகவே ரத்தமும் வருகிறது என்று நினைத்துக்கொண்டிருக்கும் பெரியவர்களே நிறைய. அவர்களைக் குறை சொல்ல முடியாது. பள்ளியில் அந்தப் பாடம் வரும்போது ‘வீட்டில் படித்துக்கொள்ளுங்கள்’ என்று பக்கத்தைத் திருப்பிய காலம் அது. மகளுக்காவது இதைத் தெளிவாகச் சொல்லிவிடுங்கள். கழுவும்போது முன்னாலிருந்து பின்னாலாகக் கழுவச் சொல்வதன் காரணமும் இதில்தான் இருக்கிறது: மலவாயில் இருக்கும் கிருமி முன்னால் வரக்கூடாது.

யோனியின் வாசலில் கன்னித்திரை என்று சொல்லப்படும் மெல்லிய மடிப்பு ஒன்று இருக்கிறது. பெரும்பாலான பெண்களுக்கு அது வாசலை முழுசாக மூடியிருக்காது; மாதவிடாய் ரத்தம் வெளியேற வழி இருக்கும். அதன் வடிவம் ஆளுக்கு ஆள் மாறும். அதை வைத்து ஒரு பெண்ணைப் பற்றி எந்த முடிவுக்கும் வர முடியாது.

சரி, இவையெல்லாம் எப்போது உருவாகின்றன? அத்தனையும் பிறப்பதற்கு முன்பே. பெண் சிசு ஐந்து மாதக் கருவாக இருக்கும்போது அதன் சினைப்பைகளில் அறுபது, எழுபது லட்சம் முட்டைச் செல்கள் இருக்கும். அதற்கப்புறம் குறைந்துகொண்டேதான் வரும். பிறக்கும்போது பத்து முதல் இருபது லட்சம். பருவமடையும்போது மூன்று, நான்கு லட்சம். இதில் வாழ்நாள் முழுக்க முதிர்ந்து வெளிவருவது சுமார் 400, 500 மட்டுமே. உங்கள் மகள் உருவான கருமுட்டை, நீங்கள் உங்கள் அம்மாவின் வயிற்றில் இருந்தபோதே உங்களுக்குள் வந்துவிட்டது.

கருப்பையும் பிறந்த நாளிலேயே வேலை செய்யத் தயாராகத்தான் இருக்கிறது. பிறந்த சில நாளில் சில பெண் குழந்தைகளுக்கு லேசாக ரத்தம் படும். பார்த்தவர்களுக்குக் குலை நடுங்கிவிடும். வயிற்றில் இருந்தபோது தாயின் ஈஸ்ட்ரோஜன் குழந்தைக்கும் போய், அந்தக் குட்டிக் கருப்பையின் உட்சவ்வைக் கொஞ்சம் வளர்த்திருக்கும். பிரசவத்தோடு அந்த வரவு நின்றதும் சவ்வு உதிர்கிறது. பன்னிரண்டு வருடம் கழித்து நடக்கப்போவதும் கிட்டத்தட்ட இதேதான்: ஹார்மோன் ஏறினால் சவ்வு வளரும், இறங்கினால் உதிரும். அதற்கிடையில் அந்த ஹார்மோனைத் தானே சுரக்க உடம்பு பழக வேண்டும்.

உத்தரவு எங்கிருந்து வருகிறது

மூளையின் அடிப்பகுதியில் ஹைப்போதலாமஸ் என்று ஒரு சிறு பகுதி. குழந்தைப் பருவம் முழுக்க இது இந்த விஷயத்தில் அடங்கியே கிடக்கிறது. எட்டு வயதிலிருந்து பதின்மூன்று வயதுக்குள் ஏதோ ஒரு சமயத்தில் மறுபடி விழித்து, ஜி.என்.ஆர்.எச். என்ற ஹார்மோனை விட்டுவிட்டுச் சுரக்கத் தொடங்கும். முதலில் இரவுத் தூக்கத்தில் மட்டும், போகப்போகப் பகலிலும். அது கீழே இருக்கும் பிட்யூட்டரி சுரப்பியைத் தூண்டும். பிட்யூட்டரி எஃப்.எஸ்.எச்., எல்.எச். என்ற இரண்டு ஹார்மோன்களை ரத்தத்தில் விடும். அவை சினைப்பைக்குப் போய்ச் சேர்ந்ததும் அங்கே ஈஸ்ட்ரோஜன் சுரக்கும். வெளியே நம் கண்ணுக்குத் தெரியும் மாற்றங்கள் பெரும்பாலும் இந்த ஈஸ்ட்ரோஜனின் வேலை.

ஒருத்திக்கு ஒன்பது வயதிலும் இன்னொருத்திக்குப் பன்னிரண்டிலும் ஏன் தொடங்குகிறது? பரம்பரை ஒரு பெரிய காரணம். அம்மா எப்போது வயசுக்கு வந்தார் என்று மருத்துவர் கேட்பது அதனால்தான். உடம்பில் உள்ள கொழுப்பு இன்னொரு காரணம். கொழுப்புத் திசுவிலிருந்து வரும் லெப்டின் என்ற ஹார்மோன், ‘போதுமான சேமிப்பு இருக்கிறது’ என்ற சேதியை மூளைக்குக் கொண்டுபோகிறது. எடை அதிகமுள்ள சிறுமிகள் சற்று முன்னதாகப் பருவமடைவதும், மிகவும் மெலிந்தவர்களுக்கும் கடும் பயிற்சி எடுக்கும் விளையாட்டு வீராங்கனைகளுக்கும் தள்ளிப்போவதும் இதனால்தான்.

பிராய்லர் கோழி சாப்பிட்டால் சீக்கிரம் வயசுக்கு வந்துவிடுவாள் என்ற பேச்சு ஊரெல்லாம் இருக்கிறது. கோழிக்கு ஹார்மோன் ஊசி போடுகிறார்கள் என்பதுதான் அந்தப் பயம். ஆனால் பிராய்லர் வேகமாக வளர்வது, அப்படி வளரும் இனமாகப் பார்த்துப் பார்த்துப் பெருக்கியதாலும் தீவனத்தாலும். அந்தப் பயத்தில் வளரும் பெண்ணுக்குக் கறியையும் முட்டையையும் நிறுத்துவது எனக்குச் சரியாகப் படவில்லை. கவலைப்பட வேண்டியது பாக்கெட் தின்பண்டம், குளிர்பானம், ஓடி விளையாட நேரமில்லாத மாலைகள் ஆகியவற்றைப் பற்றித்தான்.

ரத்தத்துக்கு முன்னால் வருபவை

பெரும்பாலான பெண்களுக்கு முதல் அடையாளம் மார்பில் தெரியும். காம்புக்கு நேர் கீழே சிறிய, கெட்டியான ஒரு முடிச்சு. தொட்டால் வலிக்கும். பல சமயம் ஒரு பக்கம் மட்டும் வரும்; மறுபக்கம் வர ஆறு மாதம்கூட ஆகலாம். ஒன்பது வயதுப் பெண் ‘அம்மா, இங்க இடிச்சா வலிக்குது’ என்கிறாள், தொட்டுப் பார்த்தால் ஒரு பக்கம் மட்டும் கட்டி மாதிரி இருக்கிறது என்றால் எந்த அம்மாவுக்கும் புற்றுநோய் பயம் வரும். அது மார்பக மொட்டு, இயல்பான வளர்ச்சி. அழுத்திப் பார்ப்பது, பற்றுப் போடுவது எதுவும் வேண்டாம். அதை வெட்டி எடுத்துப் பரிசோதித்தால் பின்னால் அந்தப் பக்க மார்பகமே வளராமல் போகலாம் என்பதால் மருத்துவர்கள் அவசரப்பட்டுக் கை வைக்க மாட்டார்கள். சந்தேகம் இருந்தால் குழந்தை மருத்துவரிடம் காட்டிக் கேட்டுக்கொள்ளுங்கள், போதும்.

பிறப்புறுப்பைச் சுற்றியும் அக்குளிலும் முடி வளர்வது, வியர்வையின் வாசம் மாறுவது, முகப்பரு எல்லாம் இதே காலத்தில் வரும். இவற்றில் பெரும் பங்கு அட்ரினல் சுரப்பியின் ஹார்மோன்களுக்கு உண்டு. அது தனி வழி, தனி நேரம். அதனால் சிலருக்கு மார்பக மொட்டுக்கு முன்பே முடி தெரியும்.

உயரம் கூடுவதும் இந்தச் சமயத்தில்தான். உச்ச வேகத்தில் வளர்வது முதல் மாதவிடாய்க்கு முந்தைய வருடத்தில். ‘வயசுக்கு வந்துட்டா, இனி வளரமாட்டா’ என்று பாட்டிமார்கள் சொல்வது பாதி சரி. வந்த பிறகும் ஐந்திலிருந்து ஏழு சென்டிமீட்டர் வரை வளர்வார்கள். வேகம் மட்டும் குறைந்துவிடும்.

இதே நேரத்தில் உள்ளே நடப்பதை யாரும் பார்ப்பதில்லை. குழந்தையின் கருப்பை சுமார் மூன்று சென்டிமீட்டர்தான். அதிலும் பெரும்பகுதி கருப்பை வாய். மேலே உள்ள உடல் பகுதி சின்னது. ஈஸ்ட்ரோஜன் பட்டதும் உடல் பகுதி மளமளவென்று வளர்ந்து விகிதமே தலைகீழாகிறது. சினைப்பைகளும் பருக்கின்றன. யோனியின் உட்சுவர் குழந்தைப் பருவத்தில் மெல்லியதாக இருந்தது, இப்போது தடிக்கிறது. அங்கே லாக்டோபேசில்லஸ் என்ற நல்ல பாக்டீரியாக்கள் குடியேறி லாக்டிக் அமிலம் சுரந்து, கெட்ட கிருமிகளை அண்டவிடாமல் வைக்கின்றன. யோனிக்குள் சோப்போ வாசனைத் திரவமோ போட்டுக் கழுவினால் இந்த ஏற்பாடு குலைந்துவிடும். வெளிப்புறத்தைத் தண்ணீரால் கழுவினாலே போதும்.

மாதவிடாய் வருவதற்கு ஆறு மாதம், ஒரு வருடம் முன்பு வெள்ளைப்படத் தொடங்கும். ஜட்டியில் வெள்ளையாகவோ, காய்ந்தால் இளமஞ்சளாகவோ கறை தெரியும். ‘உடம்பு சூடு’ என்று வெந்தயமும் இளநீரும் கொடுக்க ஆரம்பிப்போம். இளநீர் குடிக்கட்டும், நல்லதுதான். ஆனால் அரிப்போ நாற்றமோ எரிச்சலோ இல்லாத இந்தக் கசிவு நோய் இல்லை. ஈஸ்ட்ரோஜன் நன்றாக வேலை செய்கிறது என்பதற்கான அடையாளம். இதைப் பார்த்துவிட்டால் அவளுடைய பள்ளிப்பையில் ஒரு நாப்கினும் மாற்று ஜட்டியும் வைக்கும் நேரம் வந்துவிட்டது என்று அர்த்தம். வகுப்பில் இருக்கும்போது வந்தால் யாரிடம் சொல்வது, நாப்கினை எப்படி ஒட்டுவது என்று அவள் கையில் ஒன்றைக் கொடுத்து ஒருமுறை செய்து காட்டிவிடுங்கள். அப்பா மட்டும் இருக்கும் வீட்டில் அப்பா சொல்லலாம். அதில் ஒரு தவறும் இல்லை.

முதல் ரத்தம்

ஒருநாள் கருப்பையின் உட்சவ்வு, தாங்கிப் பிடிக்கும் அளவுக்கு ஈஸ்ட்ரோஜன் இல்லாமல் உதிர்கிறது. பெரும்பாலும் பத்து வயதுக்கும் பதினைந்துக்கும் இடையில். பளீரென்ற சிவப்பு ரத்தமாக இருக்கவேண்டும் என்பதில்லை. பழுப்பாக ஒரு தீற்றலோடு நின்றுவிடவும் கூடும். அதைப் பார்த்து மலம் பட்டிருக்கிறது என்று நினைத்துத் துவைத்துப் போட்டுவிடும் பெண்கள் உண்டு.

வெளியேறுவது கெட்ட ரத்தம் இல்லை. உடம்பில் ஓடும் அதே ரத்தம், கூடவே உதிர்ந்த சவ்வும் சளியும். ஒரு மாதவிடாயில் போகும் ரத்தம் சராசரியாக 30 முதல் 40 மில்லி, அதாவது இரண்டு, மூன்று மேசைக்கரண்டி. நாப்கினில் பரவிப் பார்க்கும்போது அதைவிட நிறையத் தெரியும். மொத்தம் 80 மில்லிக்கு மேல் போனால்தான் அதிகப்படியான போக்கு என்கிறார்கள். நாப்கினை நாலு முதல் ஆறு மணி நேரத்துக்கு ஒருமுறை, நனையாவிட்டாலும், மாற்றவேண்டும். துணி என்றால் சோப்பு போட்டுத் துவைத்து நல்ல வெயிலில் காயவைக்கவேண்டும். துணிக்கடியில் மறைத்து நிழலில் காயவைப்பதால்தான் கிருமி சேர்கிறது.

சடங்கு செய்வதும் செய்யாததும் குடும்பத்தின் முடிவு. என்னைக் கேட்டால் முதலில் அந்தப் பெண்ணிடம் கேட்கவேண்டும். தலைக்கு ஊற்றுவதற்காகப் பத்துப் பதினைந்து நாள் பள்ளியை நிறுத்துவது மட்டும் வேண்டவே வேண்டாம். தனி மூலை, தனித் தட்டு என்று ஒதுக்கி வைக்க உடம்பில் ஒரு காரணமும் இல்லை.

இன்னொன்றையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். வயசுக்கு வந்துவிட்டாள் என்பதால் தாயாகத் தயாராகிவிட்டாள் என்று ஆகாது. குழந்தை வெளிவர வேண்டிய இடுப்பெலும்புக் கூடு அதற்குப் பிறகும் பல வருடம் வளர்கிறது. திருமணத்துக்குச் சட்டம் 18 வயது என்று வைத்திருக்கிறது. உடம்பும் அந்தப் பக்கம்தான் நிற்கிறது.

முதல் இரண்டு மூன்று வருடத்துக் குழப்பம்

வளர்ந்த பெண்ணின் மாதச் சுழற்சி எப்படி என்று முதலில் பார்ப்போம். எஃப்.எஸ்.எச். தூண்டுதலில் சினைப்பையில் சில நுண்பைகள் வளரும். ஒவ்வொரு நுண்பைக்குள்ளும் ஒரு முட்டை. அவற்றில் ஒன்று முந்திக்கொண்டு வளர்ந்து ஈஸ்ட்ரோஜனைக் கொட்டும். சாதாரணமாக ஈஸ்ட்ரோஜன் ஏறினால் மூளை ‘போதும்’ என்று உத்தரவைக் குறைக்கும். ஆனால் அது மிக உயர்ந்து இரண்டு நாள் போல அப்படியே நின்றால் மூளை எதிர்ப்பக்கம் திரும்பி, எல்.எச். ஹார்மோனை ஒரேயடியாக விடும். அந்த வேகத்தில் நுண்பை வெடித்து முட்டை வெளிவரும். வெடித்த நுண்பை புரோஜெஸ்ட்டிரோன் சுரந்து, கருப்பைச் சவ்வைப் பதமாகப் பிடித்துவைக்கும். கரு உண்டாகாவிட்டால் சுமார் பதினான்கு நாளில் அது சுருங்கிவிடும். புரோஜெஸ்ட்டிரோன் இறங்கும், சவ்வு ஒழுங்காக உதிரும். மாதம் தவறாமல் வருவதன் ரகசியம், முட்டை வெளிவருவதில் இருக்கிறது.

இப்போது பன்னிரண்டு வயதுப் பெண்ணுக்கு வருவோம். அவள் மூளைக்கு ‘ஈஸ்ட்ரோஜன் ஏறினால் குறை’ என்பது தெரியும். ‘மிக உயர்ந்து நின்றால் எல்.எச்.சைக் கொட்டு’ என்பது இன்னும் கைவரவில்லை. அது கடைசியாகத்தான் முதிர்கிறது. ஆகவே முதல் ஒன்றிரண்டு வருடத்தில் பல மாதங்கள் முட்டை வெளிவராது. முட்டை இல்லையென்றால் புரோஜெஸ்ட்டிரோன் இல்லை. சவ்வு ஈஸ்ட்ரோஜனை மட்டும் நம்பி வளர்ந்துகொண்டே போய், பிடிமானம் இல்லாமல் எப்போதோ உதிரும். சில சமயம் இரண்டு மாதம் வராமல் மூன்றாம் மாதம் நிறையப் போகும். சில சமயம் மூன்றே வாரத்தில் வந்து நிற்கும்.

இதை வைத்துக்கொண்டுதான் ஸ்கேன் சென்டருக்குப் போகிறோம். பதின்மூன்று வயதுப் பெண்ணின் சினைப்பையை ஸ்கேனில் பார்த்தால் நிறைய நுண்பைகள் தெரியும். அந்த வயதுக்கு அது இயல்பு. அறிக்கையில் ‘நீர்க்கட்டி’ என்று வந்துவிடும். அன்றிலிருந்து அந்தப் பெண் தன்னை நோயாளியாக நினைக்கத் தொடங்குவாள். வீட்டில் ‘பின்னால் குழந்தை பிறக்குமோ’ என்ற பேச்சும் வந்துவிடும். முதல் மாதவிடாய் வந்து எட்டு வருடம் ஆகாதவர்களுக்கு ஸ்கேனை வைத்து பி.சி.ஓ.எஸ். (நீர்க்கட்டி நோய் என்று நாம் சொல்வது) என்று முடிவு செய்யக்கூடாது என்று சர்வதேச வழிகாட்டுதல் 2018-இலேயே சொல்லிவிட்டது. 2023-இல் அதைத் திருத்தி வெளியிட்டபோதும் இந்த நிலையை மாற்றவில்லை. அந்த வயதில் பார்க்கவேண்டியவை வேறு இரண்டு: சுழற்சி ஒழுங்கில்லாமல் தொடர்வது, கூடவே முகத்தில் கரடுமுரடாக முடி வளர்வதோ கடுமையான பருவோ, ரத்தப் பரிசோதனையில் ஆண் ஹார்மோன் உயர்ந்திருப்பதோ. இரண்டும் சேர்ந்திருந்தால் மருத்துவரிடம் போகத்தான் வேண்டும்.

முதல் வருடத்தில் ஒழுங்கில்லாமல் வருவது இயல்பு. அதற்கடுத்த இரண்டு வருடத்தில் 21 நாளிலிருந்து 45 நாளுக்குள் வந்தால் சரி. மூன்றாம் வருடம் ஆகும்போது பெரும்பாலான பெண்களுக்கு 21-க்கும் 34-க்கும் இடையில் வந்து நின்றுவிடும்.

முதல் சில மாதம் வலியே இல்லாமல் வந்தவளுக்கு ஆறு மாதம், ஒரு வருடம் கழித்து வலி தொடங்குவதும் இதோடு சேர்ந்ததுதான். முட்டை வெளிவரத் தொடங்கிய பிறகு, உதிரும் சவ்வில் ப்ராஸ்டாகிளாண்டின் என்ற பொருள் அதிகம் உண்டாகி, கருப்பைத் தசையை இறுக்குகிறது. வெந்நீர்ப் பை வைத்தால் இதம். வலி மாத்திரையை மருத்துவர் சொன்ன அளவில் எடுத்துக்கொள்வதால் பின்னால் குழந்தை பிறக்காமல் போகாது. மாத்திரைக்கும் அடங்காமல் மாதாமாதம் பள்ளிக்குப் போகமுடியாத வலி என்றால் ‘பொம்பளைன்னா அப்படித்தான்’ என்று விடாதீர்கள். காரணம் தேடவேண்டிய வலி அது.

சாப்பாட்டைப் பற்றிச் சுருக்கமாக. உளுந்தங்களி நல்ல உணவு. பச்சை முட்டையை நல்லெண்ணெயோடு குடிக்கச் சொல்வதைவிட அவித்துக் கொடுங்கள். புரதம் நன்றாக உடம்பில் சேரும், கிருமி பயமும் இல்லை. பெரிய பிரச்சினை ரத்தசோகை. 2019–21 தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பின்படி இந்தியாவில் 15 முதல் 19 வயதுப் பெண்களில் நூற்றுக்கு 59 பேருக்கு ரத்தசோகை. பள்ளியில் வாரம் ஒருமுறை கொடுக்கும் நீல நிற இரும்புச்சத்து மாத்திரையைச் சாப்பாட்டுக்குப் பிறகு போடச் சொல்லுங்கள், குமட்டல் குறையும். சடங்கு முடிந்ததும் நின்றுவிடும் கவனிப்பு, மாதாமாதம் ரத்தம் போகும் அத்தனை வருடமும் தேவை.

எப்போது மருத்துவரிடம்

எட்டு வயதுக்கு முன்பே மார்பகம் வளரத் தொடங்கினால் காட்டவேண்டும். சீக்கிரம் தொடங்கினால் எலும்பின் வளர்ச்சியும் சீக்கிரம் முடிந்து உயரம் குறைந்துவிடக்கூடும். பதின்மூன்று வயதாகியும் எந்த மாற்றமும் இல்லை, அல்லது பதினைந்து ஆகியும் மாதவிடாய் வரவில்லை, அல்லது மார்பக வளர்ச்சி தொடங்கி மூன்று வருடம் ஆகியும் வரவில்லை என்றாலும் அப்படியே. முதல் வருடம் கழிந்த பிறகு 90 நாளுக்கு மேல் இடைவெளி விழுந்தால் பார்த்துவிடுங்கள்.

ஏழு நாளுக்கு மேல் நீடிப்பது, ஒன்றிரண்டு மணி நேரத்துக்குள் நாப்கின் நனைந்துபோவது, தலைசுற்றுவது ஆகியவற்றை ‘முதல்ல அப்படித்தான் போகும்’ என்று தள்ளிப்போடக்கூடாது. ரத்தம் உறைவதில் பிறவிக் குறை இருக்கும் சில பெண்களுக்கு அது முதன்முதலாகத் தெரியவருவதே இந்தச் சமயத்தில்தான்.

வளர்ச்சியெல்லாம் சரியாக இருந்து, மாதம் ஒருமுறை அடிவயிறு வலித்து, ரத்தம் மட்டும் வராமல் இருந்தால் கன்னித்திரை வாசலை முழுசாக மூடியிருக்கலாம். அபூர்வம்தான். ரத்தம் உள்ளேயே தேங்கி வயிற்று வலியாகவும், சிறுநீர் போகமுடியாமலும் வந்து நிற்பார்கள். ஒரு சிறு அறுவை சிகிச்சையில் தீர்ந்துவிடும்.

எதற்காகப் போனாலும் மருத்துவர் முதலில் கேட்பது, கடைசியாக எந்தத் தேதியில் வந்தது என்றுதான். பாதிப் பேர் அங்கே விழிப்பார்கள். முதல் மாதத்திலிருந்தே மகளைக் குறித்துவைக்கப் பழக்குங்கள். நாள்காட்டி கிழிக்கிற வகையாக இருந்தால் உதவாது. மாதக் காலண்டரிலோ அவளுடைய நோட்டின் பின்பக்கத்திலோ எழுதலாம். தொடங்கிய தேதி, எத்தனை நாள் போனது, ஒரு நாளைக்கு எத்தனை நாப்கின், வலி இருந்ததா. இடைவெளியை எண்ணும்போது நின்ற நாளிலிருந்து எண்ணக்கூடாது. ஒரு மாதவிடாய் தொடங்கிய நாளிலிருந்து அடுத்தது தொடங்கும் நாள்வரை எண்ணவேண்டும்.